பாய் பொறுப்பேற்க வேண்டிய நாள்

இடம் மாற்றப்பட்ட ஊழியர், புதிய இடத்தில் பொறுப்பேற்பதற்கு முன் மூட்டை முடிச்சுக் கட்ட ஆறு நாளும், அதற்குமேல் பயணத்துக்கு ஆகிற நாட்களும் எடுத்துக்கொள்ளலாம். நான் பணியில் இருந்த காலத்தில் அதுதான் விதி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரே பேருந்து. திருக்கழுக்குன்றத்தில் ஓட்டுநர் இறங்கி டீ குடித்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடலாம். ஆகவே பாய், எழுபத்தைந்தாம் ஆண்டு ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் என் வீட்டில் பொறுப்பேற்றிருக்க வேண்டும்.

செங்கல்பட்டு அலுவலகத்தில் எல்லோரும் அவரை பாய் என்றே அழைத்தோம். அவர் கணக்குப் பிரிவு, நான் பொதுப் பிரிவு. இருவரும் ஒரே ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றோம். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூனில் ஏதாவது ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொள்வது எங்கள் கால வாத்தியார்களின் வழக்கம். நாட்டில் பாதி குமாஸ்தாக்கள் அதனால் ஜூனில்தான் பிறந்தார்கள்.

கடைசி வருடம் முழுக்க மதிய உணவு நேரத்தில் ஒரே பேச்சு. பதவி உயர்வுக்குத் துறைத் தேர்வு எழுதும் இளம் குமாஸ்தாக்களுக்குத் தபாலில் பாடம் அனுப்புவது, அவர்கள் எழுதி அனுப்பும் விடைகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவது. நடைமுறை என் பொறுப்பு, கணக்கு அவருடையது. கடை வேண்டாம், ஆள் வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். மாமல்லபுரத்தில் வாடகை குறைவு, கடல் காற்று உண்டு என்று சொன்னவரே பாய்தான். இருவருக்கும் மனைவி இல்லை. என் மனைவி போனபின் எனக்கென்று யாருமில்லை. அவர் தன் மகன் வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குச் செங்கல்பட்டு போய்விட்டு சனிக்கிழமை திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

வீடு பிடித்து, இரண்டு மேசை வாங்கி, அலுவலகத்தில் இருந்த மாதிரியே எதிரெதிரே போட்டுவிட்டு நான் காத்திருந்தேன்.

வீட்டில் இருந்துகொண்டே தொழில் செய்வதில் உள்ள சிக்கலை எந்த விதிப் புத்தகமும் சொல்லவில்லை. வேலை எப்போது தொடங்குகிறது என்று சொல்ல ஆள் கிடையாது. முதல் மாதத்தில் நான் பன்னிரண்டு மணிக்குச் சவரம் செய்தேன். லுங்கியோடு கட்டிலில் சாய்ந்தபடி விடைத்தாள் திருத்தினேன். விடுப்பு விண்ணப்பம் பற்றிய ஒரு பாடத்தை, சாம்பார் கொதிக்கும்போது எழுதி, சாம்பாரைத் தீய விட்டேன். முப்பது வருடம் தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் குறிப்பாணை கொடுத்தவன் இப்படி ஆனதைப் பார்க்க அங்கே யாருமில்லை. அதுதான் அவமானமாக இருந்தது. யாராவது பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன்.

பிறகு ஒரு முறை கண்டுபிடித்தேன். காலையில் குளித்து, முழுக்கால் சட்டை போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது. பேருந்து நிலையம் வரை நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, அதே பூட்டைத் திறந்தால் அது அலுவலகம். மாலையில் பூட்டிக்கொண்டு கடற்கரை வரை போய்த் திரும்பினால் அது வீடு. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் விடைத்தாள் ஏறவில்லை. ஆனால் மதியம் தாண்டியதும் எதிர் நாற்காலி காலியாக இருப்பது கண்ணை உறுத்தியது. என் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். தெருவில் யாரோ நாளெல்லாம் கல் கொத்திக்கொண்டிருந்த சத்தத்தை அதன் பிறகுதான் கவனித்தேன்.

சில நாட்களில், டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்வதுதான் நான் அன்று பேசும் முதல் பேச்சு. அதுவே கடைசியாக இருந்த நாட்களும் உண்டு.

செங்கல்பட்டிலிருந்து வரும் காலைப் பேருந்து நான் டீ குடிக்கும் நேரத்தில் வந்து நிற்கும். அது தற்செயல் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் அப்படி நினைக்கவில்லை.

"இன்னா சார், தெனிக்கும் வண்டிக்கு வந்துகினு கீறீங்க," என்றார் ஒருநாள். "ஏர்றதும் இல்ல, உங்களுக்குன்னு ஒராளு எறங்குறதும் இல்ல. பஸ்ஸு டயத்துக்கு வருதான்னு பாக்க சர்க்காருல போட்டுகிறாங்களா?"

"ஒரு நண்பர் வரணும்."

"எப்ப வராரு?"

"ஜூலையில."

அப்போது அக்டோபர். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அப்ப இன்னொரு டீ சாப்புடுங்க," என்றார்.

பாய் வேலையைத் தட்டிக்கழித்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கணக்கு விடைத்தாள்களை நான் வாரந்தோறும் செங்கல்பட்டுக்கு அனுப்பிவைப்பேன். சொன்ன நாளில் திரும்பி வரும். ஒவ்வொரு கூட்டலுக்கும் பக்கத்தில் அவருடைய சின்னஞ்சிறு சிவப்பு மை. தப்புப் போட்ட பையனுக்கு, எங்கே இடறினான் என்று இரண்டு வரி. கட்டின் மேல் நான் ஒரு துண்டுத் தாளில், "எப்போது வருகிறீர்கள்?" என்று எழுதி அனுப்பியிருப்பேன். அதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும்.

எப்போதாவது காரணம் வரும். நோன்பு முடியட்டும். மழை நிற்கட்டும். மருமகளுக்குக் காய்ச்சல். ஒன்றுகூடப் பொய் இல்லை. நோன்பும் மழையும் நானே பார்த்தவை. காரணம் தீர்ந்த பிறகும் ஆள் வரவில்லை என்பதுதான் கோப்பில் இருந்த ஒரே குறை.

பொங்கல் கழிந்ததும் நானே கிளம்பிப் போனேன். அன்று காலை டீக்கடைக்காரர் நான் பேருந்தில் ஏறுவதைப் பார்த்து, "தோ பார்றா, ஏறிட்டாரு," என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

பாய் வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றிருந்தார். ரேஷன் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

"இன்னா சார், சொல்லாம கொள்ளாம? திடீர் ஆய்வா?"

"பொறுப்பேற்காத ஊழியரை நேர்ல பாத்துட்டுப் போகலாம்னு."

"மெமோ கிமோ குடுத்துடாதீங்க," என்று சிரித்தார்.

உள்ளே மருமகள் டீயும் பிஸ்கெட்டும் வைத்தார். "மாமா இல்லன்னா இந்த வூடு ஓடாது சார். இந்தத் தெருவே ஓடாது. எதுத்த வூட்டம்மாவுக்கு கார்டுல பேரு சேக்கணும்னாலும் மாமாதான், பென்சனு நின்னு போச்சுன்னாலும் மாமாதான். இன்னிக்கு கறி வாங்கக்கூட அவரு போனாத்தான் நல்லதா வருது."

"சும்மா இரும்மா," என்றார் பாய். ஆனால் அவர் முகத்தில் இருந்தது, முப்பது வருடத்தில் எந்த அதிகாரி பாராட்டியபோதும் நான் பார்க்காத ஒன்று. நாங்கள் பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்துக்குள் இரண்டு பேர் வாசலில் வந்து அவரைக் கேட்டார்கள். மாமல்லபுரத்தில் என் வாசலில் கடைசியாக யார் வந்து கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். தபால்காரர். அவரும் உரக்க என் பெயரைப் படித்தார், அவ்வளவுதான்.

பேருந்து நிலையம் வரை என்னோடு நடந்து வந்தார். வழியில் கேட்டேன்.

"பாய், நீங்க வருவீங்களா?"

அவர் நடையை எட்டிப் போட்டார். பிறகு, "அதோ நிக்குது பாருங்க, நம்ம வண்டி. இதை விட்டா அடுத்தது இருட்டிடும். ஏறிடுங்க சார்," என்றார். ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, வண்டி நகரும்வரை கீழேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். விருப்பம் உண்டா, இல்லையா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும், காரணங்கள் தேவையில்லை என்று. இப்படிப்பட்ட கடிதங்களின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி வரும்: குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் விருப்பம் இல்லை என்று கொள்ளப்படும். பணிக்காலத்தில் அந்த வரியை எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் என்று தெரியாது. அன்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதிவிட்டால் அவருடைய மௌனத்துக்கு ஓர் அர்த்தம் வந்துவிடும். அது இல்லாமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். விதி தெரிந்தவன் செய்கிற காரியம் இல்லை.

அதற்குப் பிறகும் கணக்குத் தாள்கள் போயின, வந்தன. சிவப்பு மை குறையவில்லை. நான் காலையில் பூட்டிக்கொண்டு கிளம்புவதும் திரும்புவதும் நிற்கவில்லை.

கடைசியில் அஞ்சலட்டை ஒன்று வந்தது. முத்திரையைப் பார்த்தேன், செங்கல்பட்டிலிருந்து ஒரே நாளில் வந்திருந்தது. அஞ்சல் துறைமீது குற்றம் இல்லை, எழுதுவதற்குத்தான் ஜூலையிலிருந்து இத்தனை மாதம் பிடித்திருக்கிறது. "சார், வர மனம் இல்லை. இங்கே என்னைத் தேடுகிறார்கள். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தாள்களை வழக்கம்போல் அனுப்புங்கள்." கணக்குக்காரரின் கையெழுத்து, ஓர் எழுத்துகூட அடித்திருக்கவில்லை. மேலே தேதி போட மறந்திருந்தார். நான் அதன் மூலையில் "பெறப்பட்டது" என்று எழுதி, நாளையும் குறித்தேன்: எழுபத்தாறு, மாசி மகத்துக்கு மறுநாள்.