ஒழுக்கசீலனின் மருமகள்

தோசையின் ஒரு பக்கம் வேகிற நேரத்துக்குள் இந்துஜா இரண்டு பேரை உள்ளே விட்டு ஒருவரை வெளியே தள்ளிவிடுவாள். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போனில் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. மாவு படாமல் சுண்டுவிரல் நுனியால் தொடுவாள். பச்சையைத் தொட்டால் வாசகர் எழுதிய கருத்து கட்டுரைக்குக் கீழே ஏறும். சிவப்பைத் தொட்டால் போன இடம் தெரியாமல் போகும். பிறகு தோசையைத் திருப்பிப் போடுவாள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு தோசைகூடக் கருகவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இதழின் பெயர் ‘தாழ்ப்பாள்’. இணையத்தில் மட்டும் வருவது. பாலுறவும் பண்பாடும் பேசும் இதழ் என்று பெயருக்குக் கீழேயே போட்டிருக்கும். அதைச் சென்னையிலிருந்து நடத்துகிற ரெஜிலா கருங்கல் ஊர்க்காரி. நாகர்கோவிலில் கல்லூரி படிக்கும்போது இந்துஜாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். வாசகர் கருத்துகளைப் படித்து வேண்டியதை விட்டு வேண்டாததைத் தள்ள வேண்டும், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லி அவள்தான் வேலை கொடுத்தாள். பூதப்பாண்டியில் மாமனார் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லும்போது இந்துஜா பாதியை மட்டும் சொன்னாள். “பண்பாட்டுப் பத்திரிகையாக்கும் மாமா.” அதில் பொய் ஒன்றும் இல்லை. மாமனார் பூதலிங்கம் மகிழ்ந்து போனார். முழுதும் தெரிந்தவன் கணவன் ஹரிகுமார் மட்டும்தான். “அப்பாக்குத் தெரிஞ்சா உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என்னையத்தான் தெருவுல நிறுத்துவாரு, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான்.

நாள் முழுக்க உலகத்தில் உள்ள பச்சை வார்த்தையெல்லாம் படிக்கிறவள் வாய் திறந்து ஒன்றைச் சொல்லிவிடுவாளா என்றால் மாட்டாள். மருந்துக் கடையில் நாப்கின் வாங்கப் போனால், கூட்டம் கலையும்வரை இருமல் மருந்துகளின் பெயர்களைப் படித்துக்கொண்டு நிற்பாள். ரெஜிலாவோடு போனில் தொழில் பேசும்போதும் எல்லாமே அவளுக்கு ‘அந்தச் சோலி’தான். “இந்த வாரக் கட்டுரையில அந்தச் சோலி கொஞ்சம் கூடிப் போச்சு, கேட்டியா.” மறுமுனையில் ரெஜிலா சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்பாள். மாமியார் தாணம்மாள் அவ்வப்போது அடுக்களை வாசலில் நின்று விசாரிப்பாள்: “பண்பாடு எப்பிடிட்டி இருக்கு?” “கொள்ளாம் அத்தை, நல்லாத்தான் இருக்கு” என்று இந்துஜா போனைக் கவிழ்த்து வைப்பாள்.

பண்பாடு எப்படி இருக்கிறது என்பது உண்மையில் அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாண ராத்திரியில் பால் செம்பு எதற்கு என்று ஒரு கட்டுரை வந்தது. ‘உங்கள் வீட்டில் பெண்கள் இல்லையா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பெண்கள் இருப்பதால்தானே எழுதுகிறார்கள் என்று இந்துஜா அடுப்பிடம் சொன்னாள். அருமையான ஆய்வு என்று பாராட்டிய பேராசிரியர் அடுத்த வரியில் தன் பழைய நூல் எங்கே கிடைக்கும் என்று தெரிவித்திருந்தார். லேகியக்காரர்கள் எந்தக் கட்டுரைக்கும் பொருத்தமாக ஒரு லேகியம் வைத்திருப்பவர்கள், அவர்களும் வந்தார்கள். மாடு வளர்க்கிற ஒருவர் பால் விலையைப் பற்றி மட்டும் விசனப்பட்டிருந்தார், அவருக்குப் பச்சை. ‘தோழி, தனியாகப் பேசலாமா’ என்றவனுக்கு, “போட்டும் சவம்” என்று ஒரு சிவப்பு. இவர்களுக்கு நடுவே எப்போதாவது பெயரில்லாமல் ஒரு வரி வந்து விழும்: ‘இது வலிக்கக் கூடாது என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.’ அந்த மாதிரி நாளில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை படிப்பாள். மனசு கனத்துப் போகும். வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும் போதெல்லாம் அப்படி ஒரு வரிதான் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

எந்தக் கட்டுரை வந்தாலும் தவறாமல் வருகிறவர் ஒருவர் உண்டு. ஒழுக்கசீலன் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர். ‘ஆசிரியருக்கு வணக்கம்’ என்று தொடங்குவார், ‘வேதனையுடன்’ என்று முடிப்பார், இரண்டுக்கும் இடையில் இதழை இழுத்து மூடச் சொல்வார். கடைசிப் பத்திவரை படிக்காமல் அவர் எதையும் கண்டித்ததே இல்லை. அந்தப் பத்தியிலிருந்து மேற்கோளும் காட்டுவார். ஒருமுறை கட்டுரை வருவதற்குத் தாமதமானபோது அதையும் கண்டித்து எழுதினார்.

அவர் யார் என்று இந்துஜாவுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். ஒரு நாள் வந்த கருத்தில் இந்த வரி இருந்தது: ‘இத்தகைய கட்டுரைகள் நம் முன்னோர் கட்டிக்காத்த நெறிகளை ஏட்டி தாணு சாயாவுல சீனி போட்டியா இல்லியா வேரோடு சாய்க்கின்றன.’ படித்ததும் சிரித்துவிட்டாள். அப்புறம் கரண்டி கையிலேயே நின்றது. சற்று முன்னால் அந்தச் சாயாவுக்கு மறுபடி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்ததே அவள்தான்.

பூதலிங்கம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தின் உச்சியில் இருப்பது தெரிகிற கண்ணுக்குப் போனில் உள்ள எழுத்துகள் தெரியாது. அதனால் மைக்கைத் தொட்டுவிட்டுப் பேசியே எழுதுவார். முன்னறையில் கணீரென்று மேடைத் தமிழ் கேட்கும்போதெல்லாம் அவர் பென்ஷன்காரர் சங்கத்தோடு பேசுகிறார் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்து நண்பர் ஒருவர்தான் ‘அநியாயத்தைப் பாருங்கள்’ என்று முதலில் இணைப்பை அனுப்பியிருக்கிறார். அநியாயத்தைப் பார்க்கத் தொடங்கியவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே மனைவியிடம் ஏதாவது கேட்பார். போனுக்கு எது மேடை, எது வீடு என்று தெரியுமா, எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிடும்.

அன்றிலிருந்து இந்துஜாவுக்கு ஒரு வேலை கூடிற்று. ஒழுக்கசீலனின் கண்டனத்திலிருந்து சாயாவை எடுப்பாள். பூனையை விரட்டியதை எடுப்பாள். கீரைக்காரி போய்விட்டாளா என்ற விசாரணையை எடுப்பாள். விட்டுப்போன ஒற்றெழுத்துகளைப் போட்டுப் பச்சையைத் தொடுவாள். சிவப்பைத் தொட அவளுக்கு ஒரு தடவைகூட மனசு வந்ததில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அவரே பேச்செடுத்தார். “ஒரு பத்திரிகைக்கு நான் கண்டனம் எழுதுகேன், கேட்டியா மக்கா. மோசமான பத்திரிகை. ஆனா நான் எழுதினத அழகா திருத்திப் போடுகானுவ. எவனோ நல்ல தமிழ் படிச்சவன் உள்ள இருக்கான். அவன் ஏன் அங்க போயிக் கெடக்கான்னுதான் எனக்குச் சங்கடம்.”

ஹரிகுமாருக்குப் புரையேறியது. இந்துஜா அவன் தலையில் தட்டிக்கொண்டே, “என்ன பத்திரிகை மாமா?” என்றாள்.

“அது உனக்கு வேண்டாம் மக்கா. நீ பண்பாட்டப் பாரு” என்று அவர் ரசத்துக்குக் கை குவித்தார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ‘பேரப்பிள்ளை வந்ததும் கட்டில் எங்கே போகிறது?’ என்ற கட்டுரை வந்தது. நம் வீடுகளில் பேரனோ பேத்தியோ பிறந்ததும் தாத்தாவின் கட்டில் முன்னறைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கணவனும் மனைவியும் தனியாக நாலு வார்த்தை பேச இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். வாசகர்கள் பொங்கிவிட்டார்கள். காசிக்குப் போகிற வயசில் கட்டில் கேட்கிறதோ என்ற ரகமெல்லாம் சிவப்பில் போயிற்று. ‘எங்கள் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை ஒரே அறையில்தான் படுத்தார்கள், நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை’ என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிப்பு முகங்களாக வந்து குவிந்தன. அவற்றை அழிக்க இந்துஜாவிடம் பொத்தான் கிடையாது.

ஒழுக்கசீலனை மட்டும் காணவில்லை. முன்னறையில் மேடைப் பேச்சும் இல்லை. “உனக்க மாமனாருக்கு என்னவாம், வாயில கொழுக்கட்டையா?” என்று தாணம்மாளே கேட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு முற்பகலில் அவருடைய கருத்து வந்தது. வீட்டில் சத்தமே இல்லாமல் வந்தது. பேசினால் மற்றவர் காதில் விழும் என்று ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தியிருந்தார். பாதிப் புள்ளிகளைக் காணோம். பிழைகளை நீக்கினால் இப்படி இருந்தது:

‘ஆசிரியருக்கு வணக்கம். கட்டுரையில் தவறில்லை. பேத்திக்கு எங்கள் அறையில் கட்டில் போட்டபோது நான் முன்னறைக்கு வந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வா என்றும் யாரும் சொல்லவில்லை. ராத்திரி அவள் இருமுவது இங்கே கேட்கும். எழுந்து போய் ஒரு வாய் வெந்நீர் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் மருமகள் இருக்கிறாள். மற்ற விஷயத்துக்காகக் கேட்கவில்லை. அது இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இதற்கு என்ன வழி?’

வேதனையுடன் என்று போடவில்லை.

இந்துஜாவுக்கு முகம் சூடேறியது. ஊரில் உள்ள கட்டில்களைப் பற்றியெல்லாம் படித்துத் தள்ளியவள் தன் வீட்டுக் கட்டிலை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மகள் தன்யா பால் மறந்ததும் மாமியாரின் அறையில் அவளுக்கு ஒரு சின்னக் கட்டில் போட்டார்கள். எல்லாருக்கும் வசதி என்றுதான் அன்றைக்குப் பேச்சு. அந்த எல்லாரில் மாமா இருந்தாரா என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

பச்சையைத் தொட்டால் சிரிப்பு முகங்கள் வந்து குவியும். முன்னறையில் ஒரு மனிதர் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிவப்பைத் தொட்டால், வாழ்நாளில் முதல்முறையாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டவரின் முகத்தில் கதவைச் சாத்தியதாகும். அவள் இரண்டையும் தொடாமல் நின்றாள். அதற்குள் ரெஜிலாவின் போன் வந்துவிட்டது.

“ஏட்டி, ஒழுக்கசீலன் எழுதினத பாத்தியா? எனக்கு உள்ள என்னமோ செய்யுது. முகப்புல பெருசா போடுவோம்.”

“வேண்டாம் ரெஜிலா.”

“என்னத்துக்கு வேண்டாம்? நாம இந்தப் பத்திரிகைய நடத்துகதே இதுக்குத்தானே.”

“அவரு ஊருக்குச் சொல்லல்ல. கேள்வியாக்கும் கேட்டிருக்காரு. பதில்தான் சொல்லணும்.”

“யாரு சொல்லுகது? டாக்டர் யாரையாவது கேப்பமா?”

“நானே சொல்லுகேன்.”

“உனக்கு அவரத் தெரியுமா?”

“அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று சொல்லி இந்துஜா போனை வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு நேராக மாமியாரின் அறைக்குப் போனாள். தன்யா பள்ளிக்கூடத்தில். தாணம்மாள் தன் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்த சின்னக் கட்டிலின் மெத்தையை இந்துஜா சுருட்டி எடுத்துத் தன் அறையில் போட்டுவிட்டு வந்தாள்.

“என்னட்டி செய்யுக?”

“தன்யா இனி எங்க கூடக் கெடக்கட்டும் அத்தை. ராத்திரி அவளுக்குப் படிப்பு சொல்லிக் குடுக்கணும்.”

“ரெண்டாங்கிளாசுக்கு என்னத்த ராத்திரிப் படிப்பு? அப்போ இந்த எடம் சும்மால்லா கெடக்கும்.”

“சும்மா எதுக்குக் கெடக்கணும்? மாமாக்க கட்டில் அங்க முன்னறையில கொசுவுக்கு நடுவுலதானே கெடக்கு.” முன்னறைக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

தாணம்மாள் மடித்து வைத்த துண்டை எடுத்துப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

சின்னக் கட்டில் என்று பெயரே தவிர, தேக்கு மரம். இந்துஜா ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தரையைக் கீறிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். அப்போது முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குடித்த டம்ளரைக்கூட அடுக்களைக்குக் கொண்டுவந்து பழக்கமில்லாத பூதலிங்கம் அறை வாசலில் வந்து நின்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து, குனிந்து, கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார்.

“பைய மாமா, நிலைப்படி இருக்கு” என்றாள் இந்துஜா.

அவர் தன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்.