கதவு மூடினால் யார் நிற்பது

மன்னார் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் பேசாலைக் கடற்றொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும், புதுச் சூட்கேசோடு. இருவருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம், சிங்கப்பூருக்கு. நான் அங்கே போய்வந்தவன் என்றதும் அவர் யோசனை கேட்கிறார். பார்க்கவேண்டிய இடங்களை நான் சொல்லவில்லை; ஆள் தொலையாமல் இருந்தால் போதும்.

"ரயில் கதவு சட்டெண்டு மூடும். ஒராள் ஏறி மற்றாள் வெளியில நிண்டிட்டால், நிக்கிறவர் அசையக்கூடாது. ஏறினவர் அடுத்த ஸ்டேஷனில இறங்கித் திரும்பி வரவேணும்."

அவர் மனைவியிடம் திரும்புகிறார். "விளங்கிச்சே? நீ நில்லு. நான் வாறன்."

மனைவி சூட்கேசைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "நீங்கள் கடலுக்குப் போனால் கரையில நிண்டு பாக்கிறது நான்தானே. அங்கயாவது நான் போய் வாறன். நீங்கள் நிண்டு பாருங்கோ."