ஜெயராஜின் தலையாட்டல்

போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா போன் செய்தார். "அவர் போயிட்டாருண்ணே. தூக்கத்துலயே" என்றார். தன் கணவர் ஜெயராஜைத்தான் சொன்னார். அதை நம்ப எனக்கு அரை நாள் பிடித்தது. ஹூஸ்டனை ஒட்டிய இந்த சுகர் லேண்டில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய சர்ச் பாட்டுகளைப் பற்றிப் பேசுவீர்கள். நான் அவருடைய ப்ளூஸைப் பற்றிச் சொல்கிறேன். இடையில் சிரிப்பு வந்தால் பழி அவரையே சேரும்.

எண்பதுகளின் நடுவில் ஹூஸ்டனில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து பைப்லைன் வரைபடம் போட்டோம். பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவுக்கு மாண்டலின் வாசித்தவர் அவர். ஒருநாள் கார் ரேடியோவில், இங்கத்திய கறுப்பின மக்களின் துயர இசையான ப்ளூஸைக் கேட்டார், ஆள் காலி. அதன்பின் மதிய இடைவேளை முழுக்க பார்க்கிங் லாட்டில், காருக்குள் ஏசியை ஓடவிட்டு, கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழகினார். கிட்டாரில் ஒற்றைத் தந்தியை வளைத்தே அழ வைத்துவிடலாம். மாண்டலினிலோ தந்திகள் ஜோடி ஜோடியாக விறைத்து நிற்கும், லேசில் வளையாது. விரலைச் சறுக்கிச் சறுக்கித் தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று நான் கேலி செய்தேன். நாலே மாதத்தில் அந்த அழுகையைப் பிடித்துவிட்டார். "அழுற மாதிரி ஆரம்பிச்சு சிரிக்க வச்சிரும் வே இது" என்பார்.

ஊருக்குள் ஒரு பார்பிக்யூ கடையில் ஞாயிறு பிற்பகலில் யார் வேண்டுமானாலும் சேர்ந்து ப்ளூஸ் வாசிக்கலாம். பாட்டின் நடுவே ஒவ்வொருவருக்கும் தனியாக வாசிக்க ஒரு முறை வரும். சர்ச் முடிந்த கையோடு ஜெயராஜ் அங்கே போய்விடுவார். ஐந்து வாரம் போனார். அவர் முறை மட்டும் வரவே இல்லை.

"ஒரு சான்ஸ் குடுக்க மாட்டேங்கான் வே. நம்ம மூஞ்சியே பிடிக்கல போல. மாண்டலினப் பெட்டில வச்சுப் பூட்டிரப் போறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு, சண்டை போடுவதற்கென்றே அவரை இழுத்துக்கொண்டு போனேன். குழுவின் தலைவர் கிளைட், கிட்டார் வாசிக்கும் கறுப்பினப் பெரியவர். பாட்டின் நடுவே அவர் ஜெயராஜைப் பார்த்து, 'வாசிக்கிறீரா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். ஜெயராஜ் வாயெல்லாம் பல்லாக, நம் ஊர் வழக்கப்படி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். 'ஆகட்டும், ஜமாய்ச்சிரலாம்' என்று அர்த்தம். கிளைட் மரியாதையாக அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

சண்டை போட வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாட்டு முடிந்ததும் கிளைடிடம் போய், உங்களுக்கு 'வேண்டாம்' என்று தெரிகிற அந்த ஆட்டல் எங்களுக்கு 'சரி' என்று விளக்கினேன். அவர் திகைத்துப்போனார். "வாராவாரம் நான் கேட்கிறேன், இவர்தான் மாட்டேன் மாட்டேன் என்கிறார். கூச்ச சுபாவம் போல என்று விட்டுவிட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"நானா வே மாட்டேன்னேன்?" என்றார் ஜெயராஜ்.

அடுத்த பாட்டில் புருவம் உயர்ந்ததும், மோவாய் நெஞ்சில் இடிக்கும்படி மேலும் கீழும் ஆட்டிவிட்டு வாசித்தார். சர்ச் பாட்டின் நெளிவு ஒன்று எங்கிருந்தோ உள்ளே புகுந்தது. கிளைட் தன் கிட்டாரைத் தணித்துக்கொண்டு, இன்னொரு சுற்று என்று விரலைக் காட்டினார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைத் துடைக்காமலே கைதட்டினார்கள்.

திரும்பும்போது ப்ரீவேயில் அவர் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன வாரமும் என்னையக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்திருக்காங்க வே."

அதைச் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.