ஜின் போட்ட ஓட்டு

எதிர்த்து யாருமே நிற்காத தேர்தலில் பயந்து நடுங்கிய வேட்பாளர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நெருப்பெரிச்சல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் முஸ்லிம் என்று இருந்ததும் நான் ஒருத்திதான். சமூக அறிவியல் சார் வெள்ளைக்காரன் காலத்து அரசியல் சீர்திருத்தங்களை நடத்திக்கொண்டிருந்தார். பெரிய கூட்டத்தில் தங்கள் குரல் அமுங்கிவிடும் என்று அஞ்சிய முஸ்லிம்கள் தனித் தொகுதி கேட்டார்கள், அரசாங்கம் கொடுத்தது, அந்தத் தொகுதியில் நிற்பவரும் முஸ்லிம், ஓட்டுப் போடுபவரும் முஸ்லிம். பாதி வகுப்பு தூங்குவதைப் பார்த்தவர், அந்த வருட லீடர் தேர்தலையே அப்படி நடத்திவிடலாம் என்று முடிவு செய்தார்.

“ஏங்கண்ணு, உனக்குத் தனித் தொகுதி. நீயே நின்னுக்கோ, நீயே போட்டுக்கோ. ஜெயிச்சா துணை லீடரு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொதுத் தொகுதியில் என் பக்கத்து இடத்துக்காரி நின்றாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். எதிர்த்து நின்றவள் பனியன் கம்பெனி முதலாளியின் மகள். அந்தக் கம்பெனியில்தான் இவளுடைய அம்மாவுக்கு செக்கிங் வேலை. ஒரே ஒரு தடவை அவளை ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோழி தினமும் ஜெபம் செய்தாள். என் ஓட்டு உனக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். தனித் தொகுதிக்காரி அங்கே போடக் கூடாது என்று சார் தடுத்துவிட்டார்.

எனக்கான வாக்குச்சாவடி, மாடிக் கோடியில் இருந்த பழைய ஆய்வகம். உடைந்த ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கம்பெனிகளின் பஞ்சுத்தூசி வந்து தரை முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் கால் வைத்ததும் கரண்ட் போயிற்று. வெளியே ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும, கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. உள்ளே தொங்கிய எலும்புக்கூடு மெல்லத் தாடையை ஆட்டியது. வரிசையில் யாரோ எனக்குப் பின்னால் நிற்பதாகவே பட்டது. சீட்டை அட்டைப்பெட்டிக்குள் போட்டதும் வேட்பாளர், வாக்காளர், ஏஜெண்ட் மூவரும் ஒரே ஜோடிச் செருப்பில் ஓடிவந்தோம்.

சாயங்காலம் பெட்டியைத் திறக்க சார் எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கு ஒரு சீட்டுதான் கொடுத்திருந்தார். பெட்டிக்குள் இரண்டு இருந்தன. இரண்டிலும் என் பெயர். தரையில், என் செருப்புத் தடத்தை ஒட்டி இன்னொரு தடம். வெறுங்கால். வகுப்பே கதவுப் பக்கம் நகர்ந்தது. இரண்டாவது சீட்டு செல்லாது என்று சார் சொன்னபோது அவரும் வாசல் ஓரமாகத்தான் நின்றார்.

எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் திரியும் ஜின்களிலும் முஸ்லிம்கள் உண்டு என்று அத்தா சொல்லியிருக்கிறார். ஆகவே சட்டப்படி அது என் தொகுதி வாக்காளர்.

கீழே பொதுத் தொகுதியில் தோழி ஒரே ஓட்டில் தோற்றிருந்தாள். அந்தப் பெட்டியில் ஒரு சீட்டு குறைந்தது. யாராவது போடாமல் விட்டிருப்பார்கள் என்று சார் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு நடக்கையில் அவளைத் தேற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஜின்னுக்கு என்மேல் ஏன் இத்தனை பிரியம் என்று வழியெல்லாம் பெருமையடித்துக்கொண்டே வந்தேன். தெருமுனையில் அவள் சொன்னாள்.

“பாவமா இருந்திருக்கும்ட்டி. உன் சீட்டு மட்டும் ஒத்தையில கெடந்தா நல்லாவா இருக்கும்?”

ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஜின்னின் மனசு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்றுதான் அன்றைக்கு எனக்கு ஆச்சரியம்.