பேஸ்மென்றில் ஐந்து செடிகள்

என் கைகள் ஐம்பது வயதுக்கு முன்னரே ஓய்வூதியம் கேட்கத் தொடங்கின. பதினாறு வருடம் ஒரு தொழிற்சாலையின் குளிரறையில் உறைந்த கோழிகளைப் பெட்டிகளில் அடுக்கியவன் நான். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் விரல் மூட்டுகள் இஞ்சிக்கிழங்கு போல வீங்கி, சட்டைப் பொத்தானைப் பூட்டுவதற்கே அரை மணித்தியாலம் போனது. மூட்டுவாதம் என்றார்கள். தந்த குளிசைகள் வலியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டன. கடைசியில் சிறப்பு வைத்தியர், என்னைவிட இருபது வயது இளைய பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கஞ்சா பாவித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

நான் கோயிலுக்குப் போகிற ஆள் என்றேன்.

கோயிலுக்கும் அதற்கும் ஒவ்வாமை எதுவும் இதுவரை பதிவாகவில்லை என்றார்.

அந்த நாளில் கனடாவில் கஞ்சா குற்றம். ஆனால் வைத்தியர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை ஒட்டாவாவுக்கு அனுப்பினால், நோயாளிக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். தனக்கு வேண்டியதைத் தானே வளர்க்கவும் செய்யலாம். எனக்கு ஐந்து செடிக்கு லைசென்ஸ் வந்தது. விதையையும் அரசாங்கமே கூரியரில் அனுப்பிவைத்தது. இலங்கை அரசாங்கம் எனக்குச் செல் குண்டு அனுப்பியது. கனடா அரசாங்கம் கஞ்சா விதை அனுப்பியது. இரண்டையும் ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"விசரே உங்களுக்கு? வயசுபோன நேரத்திலை கஞ்சாவோ?"

"லைசென்ஸ் இருக்கு."

"லைசென்ஸ் இருந்தா? வாகனம் ஓடவும்தான் உங்களுக்கு லைசென்ஸ் இருக்கு. நீங்கள் ஓடுற சீரைப் பாக்கிறன்தானே."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடதாசியை வாங்கி, மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தாள். அவளுக்கு அரச முத்திரை மீது ஒரு மரியாதை உண்டு. சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாக அஜக்ஸில் இருக்கும் அவளுடைய அண்ணைக்குத் தெரியக்கூடாது. என் மச்சான் கோயில் நிர்வாக சபையில் இருந்தார். வெங்காயம் சாப்பிடுகிறவர்களையே சந்தேகத்தோடு பார்ப்பவர்.

செடி வளர்க்கும் கூடாரம் வாங்கப் போன கடை ஒரு தொழிற்பேட்டைக்குள் இருந்தது. கழுத்துவரை பச்சை குத்திய ஒருவன் என்ன வளர்க்கப் போகிறாய் என்று கேட்டான். நான் லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். அவன் ஒரு அடி பின்னால் போனான். அந்தக் கடைக்கு வருகிற எல்லாரும் தக்காளி என்றுதான் சொல்வார்களாம். உண்மை சொன்ன முதல் ஆள் நான்தானாம். அந்த மரியாதையில் கூடாரத்தோடு விளக்கு, காற்றாடி, மணத்தை உறிஞ்சும் கரி வடிகட்டி எல்லாவற்றையும் அவனே காரில் ஏற்றிவிட்டான்.

ரென்ற் என்கிற அந்தக் கூடாரம் ஒரு அலுமாரி அளவுதான். வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளித்தாள் போல மினுக்கம். கம்பிகளைப் பொருத்த என் விரல்கள் மறுத்துவிட்டன. சனிக்கிழமை முழுதும் நான் படத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, மனைவிதான் எங்கள் ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில் அதை நிறுத்தினாள். விளக்கைப் போட்டதும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் அடித்தது. வெளியே மாசி மாதப் பனி முழங்காலளவு கிடந்தது.

முதல் இரண்டு கிழமை செடிகளுக்கு நான்தான் பொறுப்பு. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், இடையில் பாசம் மிகுந்தால் இன்னும் கொஞ்சம். முளைத்த ஐந்தும் தலை சாய்த்தன.

"தண்ணி வாத்தே சாக்காட்டப் போறியள். விடுங்கோ," என்று மனைவி வாளியைப் பறித்தாள். அவள் எட்டு வருடமாக யன்னல் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலையை உயிரோடு வைத்திருப்பவள். ரொறொன்ரோவில் அதைச் செய்தவளால் எதையும் வளர்க்க முடியும். முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை முடிந்து வந்ததும், உடுப்பு மாற்றாமலே கீழே போய் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். ஒரு மாதத்தில் செடிகள் அவள் இடுப்புக்கு வந்துவிட்டன. நுனியை முறித்தாள், அவை பக்கவாட்டில் கிளைத்தன. பெயரொன்றும் வைக்கவில்லை. 'அதுகள்' என்பாள்.

அந்த வருடம் 2009. அவளுடைய தம்பி, மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வன்னியில் அகப்பட்டிருந்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி வரவில்லை. போரை நிறுத்தச் சொல்லி ரொறொன்ரோத் தமிழ்ச் சனமே தெருவில் நின்ற காலம் அது. பனிக்குள் கைகோத்து நின்றோம். சித்திரையில் யூனிவர்சிற்றி அவெனியூவை மறித்துக்கொண்டு நாட்கணக்காக இருந்தோம். மனைவி தேத்தண்ணிப் போத்தலோடு போவாள். நான் மடக்குக் கதிரையோடு போவேன். போராட்டத்துக்குக் கதிரை கொண்டுவந்த ஒரே தமிழன் நான் என்று ஒருவர் குறைப்பட்டார். அவருக்கு நல்ல முழங்கால்கள். கோஷம் போட்டுக் களைத்து வீடு வந்ததும் மனைவி நேரே கீழே போய்விடுவாள். அங்கே என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் கீழேயிருந்து கூப்பிட்டாள். இரண்டு செடிகளின் கணுக்களில் சின்னச் சின்ன உருண்டைகள் வந்திருந்தன. பச்சை குத்திய கடைக்காரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவை ஆண், உடனே பிடுங்காவிட்டால் மற்றதெல்லாம் விதையாகப் போய்விடும் என்றான்.

"ஆம்பிளைப் பிள்ளை எண்டு கவலைப்பட்ட முதல் தமிழ் வீடு எங்கடதான்," என்றாள் மனைவி. இரண்டையும் வேரோடு பிடுங்கிக் குப்பைப் பைக்குள் அமுக்கினாள். மூன்று மிஞ்சின.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறியது. நாங்களும் ஏறினோம். பிள்ளை வண்டிகளோடு பெண்கள் வாகனப் பாதையில் குந்தியிருந்தார்கள். என் சட்டைப்பையில் கஞ்சா லைசென்ஸ் இருந்தது. பொலிஸ் பிடித்தால் எந்தக் குற்றத்துக்கு எந்தக் கடதாசியைக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி தம்பியின் பெயரைச் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. அன்று கனடாவில் விடுமுறை, மகாராணியின் பிறந்தநாளாம். பக்கத்துத் தெருவில் பின்னேரமே வாணம் விடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இருபது பேருக்கு மேல். யாரும் பேசவில்லை, தொலைக்காட்சி மட்டும் பேசியது. அஜக்ஸிலிருந்து மச்சானும் வந்து, சால்வையை மடியில் சுருட்டிவைத்துக்கொண்டு இருந்தார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட இரண்டு மின்கேத்தல், ஒரு றைஸ் குக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்தன. எங்கோ 'டக்' என்றது. அது பேஸ்மென்றுக்கு மின்சாரம் விடும் பிறேக்கர் விழுந்த சத்தம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. கீழே காற்றாடி நின்றுவிட்டது. அறுவடைக்கு ஒரு கிழமை இருந்த மூன்று செடிகளின் மணம் மெல்ல மெல்ல மேலே ஏறியது.

மச்சானின் மூக்குத்தான் முதலில் நிமிர்ந்தது.

"என்னப்பா உந்த மணம்?"

"ஸ்கங்க்," என்றேன். ரொறொன்ரோவில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பிராணி பீச்சிவிட்டுப் போனால், தெரு முழுதும் இதே மணம்தான். "டெக்குக்குக் கீழை குட்டி போட்டிருக்கு."

"எத்தினை குட்டி?"

"மூண்டு," என்று வாய் தானாகச் சொன்னது.

போன கோடையில் மச்சானின் வீட்டை ஒரு ஸ்கங்க் படாதபாடு படுத்தியிருந்தது. அதனால் அந்தத் துறையில் அவர் தன்னை ஒரு நிபுணராகக் கருதினார். அழுகை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவித்தவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோச்சும் தும்புத்தடியுமாகப் பின்வளவுக்குப் போய், கால்மணி நேரம் டெக் என்கிற பலகை மேடைக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார். திரும்பி வரும்போது தலையில் சிலந்தி வலை.

"மச்சான், உங்கை ஒண்டுமில்லை. மணம் வீட்டுக்குள்ளை இருந்துதான் வருது."

சொல்லிக்கொண்டே படியில் இறங்கிவிட்டார். என் முழங்கால்கள் ஒவ்வொரு படியாகப் பேரம்பேசி இறங்குவதற்குள் அவர் ரென்றின் சிப்பைத் திறந்துவிட்டார். மூன்று செடிகளும் ரோச் வெளிச்சத்தில் நின்றன.

"உது என்ன?"

"மருந்து."

"நான் என்ன குழந்தையே? உது கஞ்சா!" ரோச்சை என் முகத்துக்குத் திருப்பினார். "மேலை சனம் அழுதுகொண்டிருக்குது, நீர் கீழை கஞ்சா வளக்கிறீரோ? எங்கடையளைப் பயங்கரவாதி எண்டுறது காணாதே?"

"அண்ணை, கத்தாதையுங்கோ." மனைவி படியில் நின்றாள். "அவர் வளக்கேல்லை. அவர் வளத்திருந்தா எப்பவோ செத்துப்போயிருக்கும். நான்தான் வளக்கிறன்."

மச்சான் திரும்பினார்.

"நாலு மாசமாக் கும்பிட்டன், கத்தினன், றோட்டிலை கிடந்தன். ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நான் செய்து உருப்பட்டது உது மட்டும்தான். உதையும் பிடுங்கச் சொல்லாதையுங்கோ."

அவர் அங்கே கவிழ்த்துவைத்திருந்த வாளியில் இருந்தார். தும்புத்தடியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அவளுக்குத் தம்பி என்றால் அவருக்கும் தம்பிதான் என்பதை நான் அந்தக் கணம்வரை யோசித்திருக்கவில்லை. எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போய் பிறேக்கரைத் தட்டிவிட்டேன். விளக்கு எரிந்தது, காற்றாடி உறுமியது.

வெளிச்சத்தில் மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்தார். அவர்களுடைய தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். மச்சானின் இரண்டு விரல்கள் தாமாகவே போய் ஒரு இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தன.

"நுனி முறிச்சனியே?"

"ஓம் அண்ணை. ரெண்டு தரம்."

"ம்." இன்னொரு இலையையும் புரட்டினார். "எப்ப வெட்டுறது?"

மேலே போய்ச் சபைக்கு அவரே அறிவித்தார்: "ஸ்கங்க்தான். கலைச்சிட்டம்." கோயில் நிர்வாக சபை உறுப்பினர் சொன்ன பொய்யை இருபது பேரும் நம்பினார்கள். நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெட்டுகிற நாளில் அவர் அஜக்ஸிலிருந்து கயிற்றுப் பந்தோடு வந்தார். நான் காயவைக்க எடுத்துவைத்த ஹேர் டிரையரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "புகையிலைக்காரன்ரை பெட்டையைக் கட்டிப்போட்டு உதாலையோ காயவைக்கப் போறீர்? காத்துப் படவேணும், வெளிச்சம் படக்கூடாது." கிளைகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். தங்கையும் தமையனும் தண்டு எவ்வளவு காய்ந்தால் போதும் என்று சண்டை பிடித்தார்கள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் நடந்த முதல் நல்ல சண்டை அது. போகும்போது மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். பாவம் ஒட்டிவிடும் என்றல்ல, பிசின் ஒட்டிவிட்டது.

புகைக்க எனக்கு வரவில்லை. இருமலில் நெஞ்சு கழன்றது. மனைவி நெய்யில் காய்ச்சி ரொட்டியில் தடவித் தந்தாள். ஒன்று சாப்பிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் தொலைக்காட்சியில் நாளைக்கு மழை என்று சொன்னதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு பதினான்கு மணித்தியாலம் நித்திரை. நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே மனைவி பக்கத்தில் இருந்தாளாம். எழும்பியபோது வலி போய்விடவில்லை. ஆனால் அடுத்த வீட்டில் யாரோ கதைப்பதுபோல் தள்ளி நின்றது. பொத்தானை நானே பூட்டினேன். அதன்பிறகு ரொட்டியில் காற்பங்குதான் எனக்கு அனுமதி.

ஆடி மாதம், ஒரு மத்தியானம், தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. அகதி முகாமிலிருந்து தம்பி. யாருடையதோ போனை இரவல் வாங்கியிருந்தான். நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம், எனக்கு ஒரு காது கேட்காது, மற்றப்படி சுகம் என்றான். மனைவி தரையில் இருந்துகொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். பிறகு பேச முடியாமல் போனை என்னிடம் தந்தாள்.

"அத்தான், உங்கடை கை எப்பிடி?" என்று கேட்டான் அவன்.

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தேன். "இப்ப பரவாயில்லையடா."

"என்ன மருந்து எடுக்கிறியள்?"

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"செடி ஒண்டு," என்றேன். "உன்ரை அக்காதான் வளக்கிறா."