படகுத்துறையில் நான் கத்திய சொல்

எங்கள் நாய் கவ்வியதை விடாது. புல் டெரியர். முட்டை போல நீண்ட தலை, சின்னக் கண்கள், கழுத்தும் மார்பும் ஒரே கட்டையாக இருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த அதிகாரி மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனபோது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவருக்குத் தீவுகளின் வடகோடியில், திக்லிபூரில் வேலை. பேம்பூ பிளாட்டில் இருக்கும் வீட்டுக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். நானும் மகளும் தனியாக இருக்கிறோம், துணையாக இருக்கட்டும் என்று அவர்தான் சம்மதித்தார். எனக்கோ அந்தத் துணையைக் கண்டுதான் பயம்.

பன்னிரண்டு வயது மகளுக்குப் பயமே கிடையாது. பழைய கயிற்றின் ஒரு முனையை அது கவ்விக்கொள்ளும், மறுமுனையை இவள் இழுப்பாள். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். நான் அதட்டினால், "அவன் ஜித்திம்மா, பிடிவாதக்காரன், திட்டினா இன்னும் ஜாஸ்தி பண்ணுவான்" என்பாள். 'விடு' என்றால் விட வேண்டும் என்று பிஸ்கட் காட்டிப் பழக்கினோம். பத்துத் தடவை சொன்னால் மூன்று தடவை கேட்கும்.

அன்று நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வீடு திரும்ப, சாத்தம் படகுத்துறையில் படகுக்குக் காத்திருந்தோம். கூட்டம். "கழண்டு ஓடிடப் போகுதுடீ, வாரைக் கையில நல்லா சுத்திக்க" என்று சொன்னது நான்தான். நாயைக் கட்டிய வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

படகு நெருங்கியதும் அதிலிருந்த படகு ஊழியர், எங்கள் ஊரில் லஸ்கர் என்போம், படகைக் கட்டும் கயிற்றைக் கரைக்கு எறிந்தார். கரையில் நின்ற துறை ஆள் குனிவதற்குள் நாய் பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டது.

"அரே, நயா லஸ்கர் ஆ கயா!" புது ஆள் வந்துவிட்டதாக யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

படகு இன்னும் நின்றிருக்கவில்லை. பின்வாங்கியது, கயிறு விறைத்தது. நாய் நான்கு காலையும் ஊன்றியபடியே இழுபட்டது. நகங்கள் சிமெண்டைக் கீறும் சத்தம் கேட்டது. அதன் பின்னால், கை நீண்டு, செருப்பு வழுக்க, என் மகள். விளிம்புக்கு நாலடிதான். கீழே சுவருக்கும் படகுக்கும் நடுவே தண்ணீர் அகன்றும் குறுகியும் அலைந்தது.

பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "விடு! விடு!" என்று கத்தினேன். அவளிடம் வாரைத்தான் விடச் சொன்னேன். அவளோ நாயிடம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "விடு! விடுடா!" என்று அவளும் நாயைப் பார்த்துக் கத்தினாள். இருவரும் ஒரே சொல்லைக் கத்திக்கொண்டிருந்தோம். நாய் வாலை ஆட்டியது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வால்தான் முதலில் வருகிறது. அதற்கு அது விளையாட்டு.

"மேடம், கீஞ்சோ மத்! டீல் தோ!" என்று லஸ்கர் கத்தினார். இழுக்காமல் தளர்த்தச் சொல்கிறார் என்று புரிந்தது. ஆனால் பிள்ளையைப் பிடித்திருக்கும் கையை எப்படித் தளர்த்துவது? அவரே தன் பக்கத்து முனையைத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

கயிறு தொய்ந்தது. எதிரே இழுக்க ஆளில்லை. நாய் படகை ஒருமுறை பார்த்தது, கயிற்றைத் துப்பியது, உட்கார்ந்து காலை நக்கத் தொடங்கியது.

அந்தப் படகில் நாங்கள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. விளிம்பிலிருந்து தள்ளி உட்கார்ந்துவிட்டோம். மகளின் மணிக்கட்டில் வார் இறுக்கிய இடம் கன்றிச் சிவந்திருந்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"விடு விடுன்னு கத்தினியே, அவன்கிட்டதானே?"

"உன்கிட்டடீ. வாரை விடச் சொன்னேன்."

நாயின் தலையைத் தடவினாள். "விட்டிருந்தா அவன் தண்ணில விழுந்திருப்பான்ல?"

"விழுந்திருப்பான்."

"அப்போ, புரிஞ்சிருந்தாலும் விட்டிருக்க மாட்டேம்மா."

கோபமில்லாமல், நாளைக்குப் பள்ளி லீவு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மூன்று வாரமாகிறது. நாயைத் திக்லிபூருக்குக் கொண்டுபோய்விடுவதாகக் கணவர் சொல்கிறார். அவள் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே எனக்குத் துணிவில்லை. இப்போது வாரை நான்தான் பிடிக்கிறேன், கையில் சுற்றாமல். அவள் பக்கத்தில் வருகிறாள். நாய் எதையாவது பார்த்து நிற்கும்போதெல்லாம், அவள் கை வாரை நோக்கி நீள்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.