படகு வந்ததால் பாடு போன வீடு

இங்கே நார்வேயில் இறாலுக்கு ரேக்கர் என்று பெயர். துறைமுகத்தில் அவித்த இறாலைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். சனங்கள் நின்றபடியே உரித்துத் தின்பார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் பெரிய இறால் எங்கள் வாய்க்கு வந்ததே இல்லை. ஐஸ் பெட்டிக்குள் போய், லாரி ஏறி, கப்பலும் ஏறிவிடும். அதனால் இத்தனை வருஷமாகியும் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கினால் திருடியதுபோல் கூசுகிறது.

மீன் தொழிற்சாலை வேலை முடிந்ததும் மாலையில் பொருளாதார வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் வாத்தியார் பலகையில் ஒரு வட்டம் போட்டார். மூலதனத்தை அந்த ஓர் இடத்தில் கொட்டினால் வளர்ச்சி சுற்றுப்புறமெல்லாம் தானாகப் பரவுமாம். அதற்கு அம்புக்குறிகள் வேறு. உங்கள் ஊரில் எப்படி என்று என்னைக் கேட்டார். ஏரியில் வலை போடும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவோம் என்றேன். "ஓ, லாட்டரி!" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல அவர்கள் பாஷை போதவில்லை.

சூதாட்டமில்லை ஐயா, அதற்குப் பாடு என்று பெயர். பழவேற்காடு ஏரியில் மீன் படும் இடமும் உண்டு, படாத இடமும் உண்டு. சீட்டுப்படி முறைவைத்து மாறி மாறி வலை போட்டால் எந்த வீட்டு அடுப்பும் ஒரேயடியாக அணையாது. எழுபதுகளின் கடைசியில் கடனில் விசைப்படகு தரும் அரசுத் திட்டம் வந்தபோதும் எங்கள் ஆட்கள் அதே புத்தியில் படகுக்கும் சீட்டுக் குலுக்கினார்கள். என் நைனா பெயர் விழுந்தது. அடுத்த முறை அடுத்தவனுக்கு என்று ஊரே நம்பியது. ஆனால் படகு நைனா பெயரில் மட்டும் பதிவானது. கைமாற்றினால் கடனும் கிடையாது, படகும் கிடையாது என்றார் வந்த அதிகாரி. "ஒருத்தன் முன்னேறினா ஊரே முன்னேறும்யா" என்று தேறுதலும் சொன்னார்.

ஊர் கூடியது. "படகு வெச்சிக்கினவனுக்கு ஏரில இன்னாத்துக்குப் பாடு?" என்றார்கள். நியாயம்தானே! எங்கள் வீட்டுக்குப் பாடு நின்றது. சில வருஷங்களில் கடலில் இறால் குறைந்தது, டீசல் விலை ஏறியது, தவணை தவறிப் படகும் போனது. விட்ட பாடும் திரும்பவில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். நைனா அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினார். நான் பிழைப்புக்கு இங்கே வந்தேன்.

இந்த வருஷம் பாடு உரிமையைத் திருப்பிக் கேட்கச் சொல்லித் தம்பி ஏழுமலையை ஊர்க் கூட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். கிடைத்தால் நானும் ஊர் திரும்பி அவனோடு ஒரே தோணியில் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. நேற்று தபாலாபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டான்.

"இன்னாடா சொன்னாங்க?"

"குடுக்க மாட்டாங்களாம்ணா. வெளிநாட்டுக் காசு வர்ற வூட்டுக்குப் பாடு எதுக்குன்றாங்க."

"அப்ப நான் வேலைய வுட்டுட்டு வந்துடறேன்டா."

"வந்தாலும் குடுப்பாங்கன்னு இன்னா நிச்சயம்? அதுவரைக்கும் இன்னாத்த துன்றது? நீ அங்கியே இருணா."

நான் அனுப்பும் காசில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. அதே காசுதான் அவனை ஏரியில் இறங்கவிடாமல் வைத்திருக்கிறது. அனுப்பாவிட்டால் பட்டினி, அனுப்பினால் சொந்த ஊரிலேயே அவன் அந்நியன், என்னைப் போல. இன்று சம்பளம் வந்தது. பணம் அனுப்ப வரிசையில் போய் நின்றேன்.